முகத்துக்குக் கருப்பு மை கிடையாது

செல்வராணி வலது கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கம்ப்யூட்டர் திரையோடு ஒட்டி வைத்தார். திரையில் அவருடைய முகம் இருந்தது. அவருடைய முகம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இருந்தது என்று எழுதுவதுதான் சரி.

“இது யாருண்ணே?” என்றார்.

“நீங்கதாம்மா.”

“நானா? இந்தக் கையப் பாருங்க. அந்த மூஞ்சியப் பாருங்க. ரெண்டும் ஒரே உடம்புல இருக்கிற மாதிரியா இருக்கு?”

அவர் கை, தேய்த்து வைத்த புளியங்கொட்டையின் நிறம். மினுமினுப்பும் அதேதான். ஆள்காட்டி விரலில் தையல் ஊசி ஏறிய பழைய தழும்பு ஒன்று. அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கும் பட்டறை நடத்துகிறவர் அவர். திரையில் இருந்த பெண்ணோ, வெயில் என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் டிசைனர் பாண்டி என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது: “வேட்பாளர், பெண், கோதுமை.”

இது நடந்த தேதி, கிழமை, மணி எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. இந்தத் தொடருக்குத் தேதி வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டதால், கொஞ்ச காலத்துக்கு முன்பு, ஒரு உள்ளாட்சித் தேர்தலுக்குச் சற்று முன்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தொடரின் மேலே போடும் படத்தில் நான் நல்ல சிவப்பாக, களையாக இருக்கிறேனாம். சினிமாவில் முயற்சி செய்ததுண்டா என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

கோதுமை, சந்தனம், ரோஸ்

தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் பிளக்ஸ் கடை. நான் அதற்குப் பொறுப்பாளன். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் ஒரு பேச்சு, கடையில் மதுரைப் பேச்சு. அப்பா சாயப் பட்டறையில் இருந்தவர். எந்த நிறத்துக்கு எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு என்று ஒரு நோட்டு வைத்திருப்பார். அவர் நூலுக்கு எழுதினார். நான் முகத்துக்கு எழுதினேன்.

பிளக்ஸ் மெஷினுக்கு நான்கு மை: நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. எந்த முகத்துக்கு எந்த மை எத்தனை பங்கு என்பதுதான் என் நோட்டு. அதன் முதல் பக்கத்தில், முதல் விதியாக, சிவப்புப் பேனாவில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்: “முகத்துக்குக் கருப்பு மை கிடையாது.” கருப்பு மை எழுத்துக்கு. தலைமுடிக்கு. மீசைக்குத் தாராளமாக.

முகத்துக்கு மூன்றே நிறங்கள். வட்ட அளவில் இருப்பவருக்குக் கோதுமை. மாவட்ட அளவுக்குச் சந்தனம். மாநில அளவுக்கு ரோஸ். இதை நான் வகுக்கவில்லை. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, “தலைவரைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்கண்ணே” என்று சொல்லிச் சொல்லித் தானாக அமைந்தது. நான் வரிசைப்படுத்தி எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

இதனால் ஒரு வசதி உண்டு. மதுரையில் ஒருவருக்குப் பதவி உயர்வு என்றால் செய்தித்தாளுக்கு முன்பே எங்கள் கடைக்குத் தெரிந்துவிடும். “அண்ணனைச் சந்தனத்துக்கு ஏத்திருங்க” என்று போன் வரும். பதவி போனால் யாரும் போன் செய்வதில்லை. அடுத்த பேனரில் அவர் கீழ் வரிசைக்கு வந்திருப்பார், சொந்த நிறத்தில்.

கீழ் வரிசை என்பது பேனரின் அடியில் தீப்பெட்டி அளவில் இருபது முப்பது தலைகள் இருக்குமே, அது. அவர்களை யாரும் வெளுக்கச் சொல்வதில்லை, நேரமும் இருக்காது. ஆகவே மதுரைக்காரர்கள் எந்த நிறத்தில் இருப்பார்கள் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், பேனரின் அடி ஓரத்தைக் காட்டுங்கள்.

ஒருமுறை நிறவெறியைக் கண்டித்துக் கூட்டம் போட்டார்கள். ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவர் படத்தையும் கட்சித் தலைவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் கருப்பையா, அவனியாபுரத்துப் பக்கம் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மாப்ள, இவரையும் கொஞ்சம் ஏத்திவிடு.”

“அண்ணே, அவரு ஆப்பிரிக்காக்காரரு” என்றான் பாண்டி.

“இருக்கட்டுமே. நம்ம தலைவர் பக்கத்துல நிக்கிறாருல்ல. ஒரு மேட்ச் வேணாமா?”

நிறவெறியைக் கண்டிக்கும் அந்தப் பேனரில் ஆப்பிரிக்கத் தலைவர் சந்தன நிறத்தில் புன்னகைத்தார். அவரை யார் என்று கேட்ட இரண்டு பேருக்கு நானே விளக்கம் சொன்னேன்.

வீட்டிலும் இதே கதைதான். என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவள் படத்தை எங்கள் கடையிலேயே “சரி செய்து” கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, “பொண்ணைக் கூப்பிடுங்க” என்றார்கள்.

இரண்டு பெட்டிகள்

இந்தக் கதைக்குத் தேவையான இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் எல்லாக் கட்சியும் வரும். ஒவ்வொரு கட்சிக்கும் கம்ப்யூட்டரில் தனிப் பெட்டி. அதற்குள் இரண்டு உள்பெட்டிகள். ஒன்று “வரவேற்பு”. அதில் அந்தக் கட்சியின் சொந்தத் தலைவர்கள். மற்றொன்று “கண்டனம்”. அதில் அந்தக் கட்சி திட்ட வேண்டியவர்கள். ஆக, ஒரே மனிதர் ஒரு கட்சியின் வரவேற்பிலும் இன்னொரு கட்சியின் கண்டனத்திலும் இருப்பார். வரவேற்பில் சந்தனமாக. கண்டனத்தில் கன்னங்கரேலென்று, கண்ணுக்குக் கீழே பையோடு.

கண்டனப் படத்துக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முகத்தைக் கருப்பாக்கி எவ்வளவு கொடூரமாகக் காட்டிவிட்டீர்கள் என்று ஒரு தலைவரின் மச்சினன் கடைக்கே வந்து சண்டை போட்டிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டனப் படத்துக்கு நாங்கள் ஒன்றுமே செய்வதில்லை. கேமராவில் வந்தது வந்தபடி போட்டுவிடுவோம். அதுதான் கண்டனம்.

வரவேற்புப் பெட்டிக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அதில் இருக்கும் படத்தில் மறுபடி கை வைக்கக் கூடாது. ஏற்கெனவே வெளுத்ததைத் தெரியாமல் இன்னொரு தடவை வெளுத்ததில் ஒரு தலைவருக்கு மூக்கு காணாமல் போய்விட்டது. இரண்டு கண், ஒரு மீசை, நடுவில் வெட்டவெளி. அதையும் கட்டிவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

“அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா”

செல்வராணிக்கு வருவோம். சொந்த ஊர் திருவாதவூர்ப் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் வேலை. அப்பா அவனியாபுரம் வந்து பட்டறையில் சேர்ந்தார். மகள் சொந்தமாகப் பட்டறை போட்டார். மூன்று தையல் மெஷின், ஆறு பேர் வேலை. வார்டில் தண்ணீர் வராவிட்டால், சாக்கடை அடைத்தால், முதலில் அவரைத்தான் தேடுவார்கள். கருப்பையாவின் கட்சி அவர் பெயரை வேட்பாளர் பட்டியலில் எழுதியிருந்தது. கையெழுத்துதான் இன்னும் ஆகவில்லை. வேட்பாளர் அறிமுகக் கூட்டத்துக்கு மாவட்டச் செயலாளர் வந்து, பார்த்து, திருப்தியானால் கையெழுத்து. பட்டியலில் இரண்டாவதாக ஒரு கான்ட்ராக்டரின் மனைவி பெயரும் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கான மேடைத் திரைதான் கம்ப்யூட்டரில் இருந்தது. இடது பக்கம் மாவட்டச் செயலாளர், வலது பக்கம் செல்வராணி.

“நல்லாத்தானேம்மா இருக்கு” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு, நான் இல்லையே. போன மகளிர் தினத்துக்கு இப்படித்தான் போட்டீங்க. எங்க தெருவுல தினம் என்னையப் பாக்குற ஆட்டோக்காரரு கேக்குறாரு, ‘அக்கா, புதுசா வந்திருக்க இந்த லேடி யாரு?’ங்குறாரு. போன வாரம் ஒரு பாட்டிக்கு மனு எழுதிக் குடுக்கப் போனேன். ‘நீ வேணாம், படத்துல இருக்க அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா, அவங்க சொன்னாத்தான் ஆபீஸ்ல கேப்பாங்க’ங்குது. எனக்குப் போட்டியா என்னையவே நிறுத்துறீங்க.”

பாண்டி சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை என்று டைரியில் இருக்கிறது.

அப்போதுதான் அவர் படத்தின் கீழே இருந்த வாசகத்தைப் படித்தார். கருப்பையா எழுதிக் கொடுத்தது: “எளிய மகள்.”

“நான் எளிய மகளா? ஆறு பேருக்குச் சம்பளம் போடுறேன். அந்தக் கான்ட்ராக்டர் வீட்டம்மாவுக்கு நீங்க என்ன போட்டீங்க?”

நோட்டைப் புரட்டினேன். “சமூகத் திலகம்.”

“அவங்க என்னண்ணே சமூகத்துக்குச் செஞ்சாங்க?”

அது நோட்டில் இல்லை. இந்த வாசகங்களும் ஒரு வரிசையில்தான் போகும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நிறமான பெண்மணி என்றால் திலகம், தாரகை, தாய். கருத்த பெண் என்றால் எளிய, உழைக்கும், ஏழைப் பங்காளர். ஆண் கருப்பாக இருந்து பதவியிலும் இருந்தால் மேடையில் “கருப்புச் சிங்கம்” என்பார்கள். அந்தச் சிங்கத்தையும் பேனரில் சந்தனத்தில்தான் போடுவார்கள்.

“அம்மா, ஒண்ணு சொல்றேன். மாவட்டச் செயலாளருக்குப் பிடிக்கலேன்னா பேரை மாத்திருவாருன்னு கருப்பையா சொல்றாரு. இந்த நேரத்துல வேணுமா?”

செல்வராணி கையைத் திரையிலிருந்து எடுத்தார். கண்ணாடியில் வியர்வைத் தடம் இருந்தது.

“மாத்துனா மாத்தட்டும். எம் பேருக்கு மேல வேற யாரோ மூஞ்சிய வச்சு ஜெயிச்சா, அது யாருண்ணே ஜெயிச்சது? நான் எப்படி இருக்கேனோ அப்படிப் போடுங்க. போட்டு அனுப்புற வரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்கு போன் செய்து, எந்த வண்டிக்கு எந்த ரெக்சின் என்று அங்கிருந்தே வேலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம். பாண்டி அசல் படத்தைத் திரும்ப வைத்தான். பாராட்டிப் போடும் பெரிய முகம் ஒன்றுக்குக் கருப்பு மை போனது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

கருப்பையா போனில் கேட்டார், “அண்ணே, பொண்ணுக்குக் கோதுமை போட்டாச்சா?”

“போட்டாச்சு” என்றேன். அன்றைய டைரியில், வரவு செலவு பக்கத்துக்கு எதிரே எழுதியிருக்கிறேன்: “பொய், ஒன்று.”

நெற்றி முதல் தாடை வரை

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில், சாயங்காலம் நான்கு மணிக்கு. மூன்றே காலுக்குக் கருப்பையாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, வா. உடனே வா. என்னையக் கொன்னுட்டண்ணே.”

செல்வராணியின் முகத்தை அவர் பார்த்துவிட்டார் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டே வண்டியில் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்தேன். திரை கட்டியிருந்தது. வலது பக்கம் செல்வராணி, செல்வராணியாகவே இருந்தார். இடது பக்கம் மாவட்டச் செயலாளர். அவரும் அவராகவே இருந்தார்.

கருப்பையா நெற்றியில் கை வைத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. தப்பு என்னுடையது. மாவட்டச் செயலாளர் சில மாதங்களுக்கு முன்புவரை எதிர்க் கட்சியில் இருந்தவர். அதனால் கருப்பையா கட்சியின் பெட்டியில் அவர் கண்டனத்தில் மட்டும்தான் இருந்தார். “ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டாயே, இப்போது எங்கே?” என்ற போஸ்டருக்கு எடுத்த படம், கை கூப்பியபடி. அவர் கட்சி மாறிய அன்று கருப்பையா போன் செய்து, “அண்ணனைக் கண்டனத்துல இருந்து எடுத்துருங்க” என்றார். நான் ஒழுங்காக எடுத்து வரவேற்பில் வைத்தேன். “இடம் மாற்றப்பட்டது” என்று நோட்டில் எழுதினேன். நிறத்தை மாற்றவில்லை. வரவேற்புப் பெட்டியில் இருப்பதில் கை வைக்கக் கூடாது என்ற என் விதிப்படி பாண்டியும் தொடவில்லை. அன்று கடையில் எல்லோர் கண்ணும் செல்வராணி முகத்தின் மேலேயே இருந்துவிட்டது.

“ரெண்டு பேரும் கூடப் பொறந்த மாதிரி இருக்காங்கண்ணே” என்றார் கருப்பையா, அழாத குறையாக.

உண்மைதான். அதே புளியங்கொட்டை நிறம்.

அதற்குள் வாசலில் பட்டாசு வெடித்தது. மாவட்டச் செயலாளர் முன்னதாகவே வந்துவிட்டார். கட்சியில் அவரை மாவட்டம் என்றே சொல்வார்கள். “மாவட்டம் வாராரு, வழி விடு” என்று குரல் கேட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நடு மண்டபத்தில் நின்று திரையைப் பார்த்தார். கூட வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“யாரு வேலை இது?”

கருப்பையா என்னைக் காட்டினார்.

“என்மேல ஏதும் கோவமா தம்பி?” என்றார் மாவட்டம் என்னிடம், மிக அமைதியாக. அவருக்கு என்னைவிட வயது குறைவு.

“இல்லைங்க. படம் மாறிப்போச்சு.”

“இது அவனுங்க போஸ்டர்ல போட்ட படம்.”

அவனுங்க என்றது இப்போது அவர் இருக்கும் கட்சியை. ஒருவரும் திருத்தவில்லை.

“அந்தப் பொண்ணையும் மாத்திருவோம்ணே, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திருவோம்” என்று கருப்பையா முந்திக்கொண்டார்.

மாவட்டம் செல்வராணியின் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “வேணாம். அது இருக்கட்டும். எளிய மகள்னு எழுதியிருக்கீங்கள்ல, அதுக்குப் பொருத்தமா இருக்கு. சனங்களுக்குப் பிடிக்கும். என்னைய மட்டும் மாத்துங்க.”

செல்வராணி மேடைப் படியருகே நின்றுகொண்டிருந்தார். கேட்டது நான் நினைத்ததைவிடச் சாதாரணமான குரலில்தான்.

“அண்ணே, நானும் நீங்களும் ஒரே கலர்தானேண்ணே?”



“ஏம்மா,” என்றார் மாவட்டம், “பதவின்னு ஒண்ணு இருக்குல்ல.”

வாக்கியத்தை அப்படியே டைரியில் எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. என் நோட்டின் முப்பது பக்கங்களை அவர் நான்கு சொல்லில் சுருக்கிவிட்டார்.

இனித் திரை முழுவதையும் அடிக்க நேரமில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. தவறிய இடத்தை மட்டும் தனியாக அடித்து மேலே ஒட்டிவிடுவது. பாண்டிக்கு போன் செய்தேன். மாவட்டத்தின் பழைய கட்சிப் பெட்டியிலிருந்து சந்தனத்தில் ஒரு முகம். டேப்பை எடுத்து அளந்து சொன்னேன்: நெற்றி மேல் கோடு முதல் தாடை வரை இவ்வளவு, காதுக்குக் காது இவ்வளவு. அரை அங்குலம் பிசகக் கூடாது.

பிசகவில்லை. நாலே காலுக்குப் பாண்டி சுருட்டிக்கொண்டு வந்தான். ஏணி போட்டு ஒட்டினோம். கச்சிதமாகப் பொருந்தியது. இறங்கி வந்து பார்த்த பிறகுதான் தப்பு தெரிந்தது.

முகம் சந்தனம். கழுத்து புளியங்கொட்டை. நெஞ்சுக்கு நேரே கூப்பிய இரண்டு கைகளும் புளியங்கொட்டை. யாரோ ஒருவருடைய முகத்துக்காக வேறொருவர் கும்பிட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

“கை?” என்றார் கருப்பையா.

“முகத்தைத்தானே சொன்னீங்க” என்றேன். மண்டபம் நிறைந்துவிட்டது. கதவருகே கூட ஆள் நின்றார்கள். வேறு வழியில்லை.

இரண்டு கைகள்

முதல் வரிசையில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கினார். அது பின்வரிசைக்குப் போகும்போது அடங்கவில்லை. போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மாவட்டம் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்துக்குத் தன்மேல் இவ்வளவு பிரியம் என்று நினைத்துக் கையாட்டினார். அவர் ஆட்டிய கையைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது.

செல்வராணியைப் பேச அழைத்தார்கள். அவர் பெயருக்கு எதிரே கையெழுத்து இன்னும் விழவில்லை. பட்டியல் மாவட்டத்தின் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வார்த்தை பிசகினால் கான்ட்ராக்டர் வீட்டுத் திலகம் தயாராக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், பட்டுச் சேலையில்.

செல்வராணி மைக்கைச் சரிசெய்தார். திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“இந்தப் படத்துல இருக்கது நான்தான். இந்தத் தடவை சந்தேகமே வேணாம், நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு உங்க தெருவுக்கு வாரேன், இதே மூஞ்சியோடதான் வருவேன். குழாயில தண்ணி வரலைன்னா திட்டுறதுக்கு ஆளு மாறிரக் கூடாதுல்ல.”

கைதட்டல்.

“மாவட்டம் அண்ணன் எனக்குக் கூடப் பொறந்தவரு மாதிரி. நம்பிக்கை இல்லேன்னா, மூஞ்சியப் பாக்காதீங்க, அவரு கையப் பாருங்க. எங் கையையும் பாருங்க. ரெண்டு பேரும் வெயில்ல நின்னு வந்தவங்கதான். அதுல என்ன வெக்கம்?”

மண்டபம் எழுந்துவிட்டது. விசில் அடித்தார்கள். மாவட்டத்துக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. கோபித்துக்கொண்டு போகலாம். அல்லது, வேட்பாளரை அறிமுகம் செய்யும் வழக்கப்படி அவர் கையைப் பிடித்துத் தூக்கலாம். முப்பது வருஷ அரசியல்வாதி அவர். எழுந்தார், சிரித்தார், செல்வராணியின் கையைப் பிடித்து மேலே தூக்கினார். மேடை விளக்கில் எது யாருடைய கை என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பட்டியலில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

போகும்போது திரையைப் பார்த்தார். நின்றார். என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அடுத்த தடவை கையையும் சேர்த்து மாத்திருங்க.”

ஈரம் காய்கிற வரை

செல்வராணி ஜெயித்தார். முடிவு வந்த மறுநாள் காலை கருப்பையா இனிப்புப் பெட்டியோடு கடைக்கு வந்தார். வாழ்த்து பேனர், பெரியது, அவர் செலவில்.

“அக்கா கவுன்சிலர் ஆயிட்டாங்கல்ல. இனிமே கோதுமை எல்லாம் மரியாதையா இருக்காது. சந்தனத்துக்கு ஏத்திருங்கண்ணே.”

“அவங்க சொந்த மூஞ்சிக்குத்தானேய்யா ஓட்டுப் போட்டாங்க?”

“அது ஓட்டுக்கு. இது மரியாதைக்கு.” அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு அக்கா மீது உண்மையான மரியாதை வந்திருந்தது. அதைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சொல்லப்போனால், அவருக்குக் கற்றுக்கொடுத்ததே என் நோட்டுதான்.

அவர் போனதும் செல்வராணிக்கு போன் செய்தேன். “வாரேன்” என்றார். வந்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முகம் வரிவரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தலைமுடி, பிறகு நெற்றி. மை வாடைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். முழுவதும் இறங்கிய பிறகு, ஈரத்தில் படாமல் ஓரமாகக் கையை நீட்டி வைத்துப் பார்த்தார்.

“இப்ப சரியா இருக்குண்ணே.”

கீழே என்ன எழுதுவது என்று பாண்டி கேட்டான். “செல்வராணி, ஆட்டோ சீட் பட்டறை, வார்டு கவுன்சிலர்” என்றார். “போதும். அம்புட்டுத்தான் நான்.”

ஈரம் காய்கிற வரை பேச்சு எங்கெங்கோ போனது. பாண்டி என் டைரிகளைப் பற்றிச் சொன்னான். ஒரு வார இதழில் தொடராக எழுதக் கேட்டிருக்கிறார்கள், படம்கூட அனுப்பியாச்சு என்றான். செல்வராணி படத்தைக் காட்டச் சொன்னார். பாண்டி திரையில் திறந்தான்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது யாருண்ணே?”

பாண்டி தலையைச் சொறிந்தான். “சாருக்குக் கோதுமைதாங்க்கா போட்டேன். சந்தனம்கூடப் போடலை.”

அவன் போட்டது எனக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. டைரியிலும் எழுதியிருக்கிறேன்: “படம் அனுப்பப்பட்டது. திருப்தி.”

அதற்குப் பிறகும் தொடர் தொடங்கி இத்தனை வாரங்கள் அந்தப் படத்தை நான் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் இதழ் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கே ஆசிரியருக்கு போன் செய்கிற ஆள் நான்.

அன்புள்ள வாசகரே, சினிமாவில் முயற்சி செய்ததில்லை. அசல் படத்தை நேற்று ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். “அச்சில் கொஞ்சம் இருட்டாக வருமே, பரவாயில்லையா?” என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சொல்வதற்குள் சற்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வாரம் தலைப்புக்கு மேலே தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அது நான்தான்.